தாலெபூஷ் என்ற பெயரைப் பற்றிப் பத்து நிமிடம்

முன்வரிசையில உக்கார வச்சிட்டாங்க, அதான் வினை. பின்னாடி எங்கயாவது உக்காந்திருந்தா கக்கூசுக்குப் போற மாதிரி எந்திரிச்சுப் போயி அப்படியே பஸ் ஏறியிருக்கலாம். இங்க எந்திரிச்சா இருநூறு பேரும் பாப்பாங்க. மேடையில மேயரம்மா ஹலீனா பேசிக்கிட்டு இருக்காங்க, புதுசாப் போட்ட தண்ணிக் குழாய், பள்ளிக்கூடத்துக் கூரை, அது முடிஞ்சதும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. பான் தளவாய்னு கூப்பிடுவாங்க. பான்னா இந்தப் போலந்து பாஷையில திருவாளர். ள வராது அவங்களுக்கு, தலவாய்தான், பதிமூணு வருஷமா நானும் திருத்தல. நம்ம மீன் பேக்டரியில இந்தியத் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளர், நம்ம ஊர்ப் பேரைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுவார்னு சொல்லுவாங்க, கைதட்டு விழும். இங்க மனுசங்களுக்குப் பிறந்தநாளை விடப் பேர்நாள் பெருசு. காலண்டர்ல தேதிக்குத் தேதி ரெண்டு மூணு பேர் போட்டிருக்கும், அன்னைக்கி அந்தப் பேர்க்காரங்க வீட்டுல கேக். தாலெபூஷ்காரங்க அதுக்கும் மேல, ஊருக்கே ஒரு பேர்நாள் வச்சிருக்காங்க. செப்டம்பர் மூணாவது சனிக்கிழமை. ஒருத்தர் மேடையேறி ஊர்ப் பேரை அதோட ஏழு வேற்றுமையிலயும் சொல்லணும். ஆறு வாக்கியம் பேசுதவர் சொல்லுவார். ஏழாவது ஊரையே பேர் சொல்லிக் கூப்பிடுற வாக்கியம், அத ஊருக்குப் புதுசா வந்தவங்க யாராவது சொல்லணும். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ஆறு வாக்கியத்தையும் சொல்லப் போறது இதுதான் முதல் தடவையாம். போன வாரம் பத்திரிகையில போட்டோ போட்டாங்க. அந்தப் போட்டோவப் பாத்துட்டுத்தான் எங்க பேக்டரிப் பய மிக்கேலு வந்திருக்கான். கடைசி வரிசையில, கதவுப் பக்கம், வலது கைக் கட்டோட. திரும்பிப் பாக்காத தளவாய். பாத்துட்டேன். பல்லக் காட்டுதான். இடது கையத் தூக்கி ஆட்டுதான், சவத்துப்பய, என்னைய இன்னும் அண்ணாச்சின்னு நெனச்சிக்கிட்டு.

பேச்சு மனப்பாடம்தான், பயம் அதுல்ல. தாலெபூஷ்ங்கிற பேர் எப்படி வந்ததுன்னு இந்த ஊருல யாரைக் கேட்டாலும் காட்டுக் கதையத்தான் சொல்லுவாங்க. வழிப்போக்கன் ஒருத்தன் இதுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு கேட்டானாம், இதுக்கு அங்கிட்டு காடுதான்னு சொன்னாங்களாம், தாலெய்னா இன்னும் தள்ளி, பூர்னா பைன் மரக் காடு, அப்படி வந்த பேராம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு. நான் நூலகத்துல உக்காந்து, அகராதியப் பொரட்டி, ரெண்டு குளிர்காலம் அதுக்கே செலவழிச்சிருக்கேன். தாலெபோர்ங்கிறது ஒரு ஆளு பேரு, பழைய காலத்துப் பேரு, தூரம் போயிச் சண்டை போடுதவன்னு அர்த்தம் வரும். போர்ன்னா அவங்க பழைய பாஷையிலயும் சண்டைதான். இத மட்டும் நம்ம ஊர்க்காரன் எவன்கிட்டயாவது சொன்னேன்னு வைங்க, போலந்தே தமிழன் கட்டினதுன்னு கிளம்பிருவான். அந்தத் தாலெபோர் பேரோட கடைசி எழுத்தை மென்மையாக்கி ஷ் ஆக்கினா தாலெபோருடையன்னு அர்த்தம் ஆயிரும், அதுதான் தாலெபூஷ். உடையன்னு நிக்கி. அவனுடைய என்னது? கோட்டையா, வயக்காடா, குடிசையா? அந்தச் சொல்லை எவனோ முழுங்கிட்டான். மிச்சப் பாதிய வச்சிக்கிட்டு எண்ணூறு வருஷமா ஒரு ஊரு இருக்கு, தபால் வருது, பஸ் நிக்குது, யாருக்கும் எதுவும் குறைஞ்சமாதிரி தெரியல. இந்த இடம் வரும்போதெல்லாம் தாண்டிப் போயிரலாம்னு தோணுது. இத எழுதும்போது ஒண்ணும் தெரியல, நல்ல பாயிண்டுன்னுதான் நெனச்சேன். எழுதினது ஜூலையில. மிக்கேலுக்கு விரல் போனது ஆகஸ்டுல.

மொத நாளு டிக்கெட் எடுத்தது ஞாபகம் வருது. வார்சாவுல பஸ் ஸ்டாண்டுல நின்னு தாலெபூஷ்னு கேட்டேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொம்பள, தாலெபோஷாவுக்கான்னு கேட்டா. நான் இல்லம்மா, தாலெபூஷ்னேன். அவ மறுபடி தாலெபோஷாங்கா. வேற ஊருக்கு அனுப்பிருவாளோன்னு பயந்து பேப்பர்ல எழுதிக் காமிச்சேன். ஊருக்குப் போனாத் தாலெபோஷா, ஊருல இருந்தாத் தாலெபோஷு, ஊரோட சேந்தாத் தாலெபோஷெம். அப்புறம் யோசிச்சாச் சிரிப்புதான் வந்துச்சு, நாம மட்டும் என்ன, வீடுங்கோம், வீடுலன்னா சொல்லுதோம், வீட்டுலங்கோம். அவங்களுக்கு ஏழு வேற்றுமை, நமக்கு எட்டு, நாம யாருக்கும் குறைச்சல் இல்லன்னு ஒரு திமிரு வந்துச்சு பாருங்க, அந்தத் திமிருலதான் பாஷையப் பிடிச்சேன். மத்தவன் மீன் தலை வெட்டிட்டு ரூமுக்குப் போயித் தூங்குவான், நான் ஊர்ப் பேரை வச்சி வேற்றுமை சொல்லிப் பாப்பேன். மூணே வருஷத்துல கத்தியக் கீழ வச்சிட்டேன், கையில பேப்பர் குடுத்துட்டாங்க. மிக்கேலு எந்த வேற்றுமையும் வச்சிக்கிட மாட்டான். எல்லாத்துக்கும் தாலபுசுதான். தாலபுசு போறேன், தாலபுசு இருக்கேன். உவரிப் பக்கத்துக் கடக்கரைக்காரன், வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, பூசைக்குப் போவான், பாதிரியார் அவன மீஹாவ்ங்காரு, மிக்கேலுக்கு அதுதான் இங்க. கசாப்புக் கடைக்காரி, பஸ்காரன், எல்லாரும் அவன் பேசுதது விளங்குதுங்காங்க. நான் அவனத் திருத்துவேன், எல்லார் முன்னாடியும் திருத்துவேன். அவன் சரிங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டு மறுபடியும் தாலபுசும்பான்.

மேயரம்மா தேவாலயத்துக் கூரைக்கு வந்துட்டாங்க. பக்கத்துல இருக்க அம்மா தொண்டையக் கனைச்சிட்டு எனக்கு ஒரு மிட்டாய் நீட்டுதாங்க, வாங்கி வாயில போட்டேன், புதினா, எரியுது. மூணாவது வரிசையில மாரெக் இருக்கான். எங்க ஷிப்ட் சூப்பர்வைசர். பொண்டாட்டி பிள்ளைகளோட, சட்டைய இஸ்திரி போட்டு, நல்ல மனுசன் மாதிரிதான் இருக்கான், நல்ல மனுசன்தான், அதான் கஷ்டம். அன்னைக்கி விசாரணை ரூம்லயும் இப்படித்தான் ரெண்டு கையையும் முழங்கால் மேல வச்சிட்டு உக்காந்திருந்தான். அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடி போட்டவங்க, மெஷின் மூடிய யார் கழட்டினாங்கன்னு கேட்டாங்க. மீன் தலை வெட்டுற மெஷினுக்கு மேல ஒரு இரும்பு மூடி உண்டு, அது இருந்தாக் கை உள்ள போகாது. நான் தமிழ்ல கேட்டேன். மிக்கேலு நல்லாத் தெளிவாத்தான் சொன்னான். நான்தான் சார் கழட்டினேன், மீன் சிக்கிச் சிக்கி நின்னுச்சு, கழட்டிட்டு ஓட்டுன்னு மாரெக் சாருதான் சொன்னாரு, வேண்டாம் சார்னுகூடச் சொன்னேன், அப்படின்னான். அம்மாவ சார்ங்கான், அவ்வளவு பதட்டம். நான் அந்த அம்மா பக்கம் திரும்பினேன். மூடியைத் தானே கழற்றியதாகச் சொல்கிறார்னேன். நிறுத்திட்டேன். அந்த அம்மா டைப் அடிச்சாங்க. மிச்சத்தச் சொல்ல இடம் இருந்துச்சு, டைப் அடிச்சு முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு, ஜன்னல்ல ஒரு ஈ சுத்திக்கிட்டு இருந்துச்சு, நான் அந்த ஈயப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் அடுத்த கேள்வி வந்துருச்சு. முதல்ல சொன்னத முதல்ல சொன்னேன், மிச்சம் பின்னால வரும்னு இருந்தேன், ரெண்டு பாஷையிலயும் வாக்கியம் கட்டுற முறை வேறயில்லா. சீ. இலக்கணத்து மேல பழியப் போடுதியே, வெக்கமா இல்ல? வெளிய வந்ததும் மிக்கேலு ரூம்காரப் பயகள்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா, நான் எவ்வளவு பெருசாச் சொன்னேன், அண்ணாச்சி எத்தன சுருக்கமா முடிச்சிட்டாரு பாத்தியா, அதான்டே படிப்புங்கதுன்னான்.

மாரெக்குக்காகச் சொல்லலன்னு இத்தன நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாரெக்தான் என்னைய வேலைக்குச் சிபாரிசு பண்ணினவன், என் குடியுரிமை மனுவுல கையெழுத்துப் போட்டவன், கோமதியும் பாப்பாவும் அடுத்த வருஷம் இங்க வரணும்னா இந்த வேலை நிக்கணும், எல்லாம் நிஜம். ஆனா அது இல்ல விஷயம். சொல்லித் தொலை, உள்ளுக்குள்ளதான, யாரு கேக்கப் போறா. மாரெக் அன்னைக்கி மிக்கேலுகிட்டப் பேசவே இல்ல. அவனுக்கு எங்க தமிழ் தெரியும்? எங்கிட்டத்தான் சொன்னான், அவனக் கழட்டச் சொல்லுன்னான். அத மிக்கேலுகிட்ட எடுத்துச் சொன்னது நான். வேண்டாம் அண்ணாச்சி, பயமா இருக்குன்னு மிக்கேலு என் மூஞ்சியத்தான் பாத்தான். கழட்டுடே, ஒண்ணும் ஆகாதுன்னேன். ஒண்ணும் ஆகாதுங்கறத மாரெக் சொல்லல. நான் சேத்தது. ஒரு இடத்துல சேத்தேன், இன்னொரு இடத்துல முழுங்கினேன், பேரு மொழிபெயர்ப்பாளர். அஞ்சு நிமிஷத்துல சத்தம் கேட்டுச்சு. மோதிர விரலும் சுண்டு விரலும். ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம், உங்க பேர நான் இழுக்க மாட்டேன் அண்ணாச்சி, நீங்க பயப்படாதீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்னு எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு வந்தான். சொன்னபடியே விசாரணையில என் பேர விட்டுட்டான், வேண்டாம் அண்ணாச்சின்னத வேண்டாம் சார்னு மாத்திச் சொன்னான். அவன் எனக்காக விட்டது ஒரு பேரு, நான் அவன்கிட்ட இருந்து எடுத்தது அவனுக்குன்னு இருந்த ஒரே சாட்சி. அதத் தெரிஞ்சிக்கிட்டே ஒரு மாசமாத் திங்கேன், தூங்குதேன்.

கடுதாசி இந்தத் திங்கட்கிழமை வந்துச்சு. போலந்து பாஷையில இருந்ததால மிக்கேலு நேரா எங்கிட்டக் கொண்டாந்தான். என்ன போட்டிருக்கு அண்ணாச்சின்னான். நான் நின்னுக்கிட்டே படிச்சேன். விபத்துக்குத் தொழிலாளியே காரணம், வேலை முடிந்தது, இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை ஊருக்கு விமானம், இதற்கு மறுப்பு இருந்தால் இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். இன்னைக்கி இருபது. பாத்துட்டுச் சொல்லுதேன்டேன்னேன். சரிங்க அண்ணாச்சி, மெதுவாப் பாருங்கன்னு சொல்லிட்டு, இடது கையாலயே சாளை மாதிரி இருக்க இந்த ஊர் மீனக் கழுவி, புளி கரைச்சுக் குழம்பு வச்சி எனக்கு ஒரு கிண்ணம் கொண்டாந்து தந்தான். நான் தின்னேன். நல்லா இருந்துச்சு. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்னேன். தின்னுட்டு, வியாழக்கிழமை ஊருக்கு விமானம்னு மட்டும் சொன்னேன், மறுப்பு எழுதலாங்கிறத முழுங்கிட்டேன். அந்த நாக்க அறுத்துப் போட்டா என்ன? கோமதி போன்ல, மேடையில பேசப் போறீகளாமே, வீடியோ எடுத்து அனுப்புங்க, அம்மாட்டக் காட்டணும்ங்கா. அவளுக்கு மிக்கேலத் தெரியும், போன வருஷம் அவன் கிளம்பி வரும்போது அவன்கிட்டதான் எனக்கு முறுக்கு குடுத்து விட்டா. கையில என்னடே கட்டுன்னு அவ கேட்டிருந்தா அவன் என்ன சொல்லுவான்? மெஷின்ல பட்டுருச்சு மதினி, அண்ணாச்சிதான் கூடவே இருந்தாகம்பான். கூடவேதான் இருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் இப்படியே உக்காந்திருந்தாப் போதும், தானா முடிஞ்சிரும், அவன் போயிருவான், கடலுக்குப் போவான், வலை இழுக்க மூணு விரல் போதுமான்னு எனக்குத் தெரியாது. கைதட்டுறாங்க. யாருக்கு? எனக்கு. பேரைச் சொல்லிட்டாங்க. எந்திரி.

மேடையில ஏழு படி. மைக் என் உயரத்துக்கு இல்ல, ஒருத்தர் வந்து இறக்கி விட்டார். பேசினேன். காட்டுக் கதையச் சொல்லி அது தப்புன்னேன், சிரிச்சாங்க, தாலெபோர்ங்கிற ஆளைச் சொன்னேன், அந்த முழுங்கின சொல்லு வர்ற இடத்துல சொன்ன வரியவே திருப்பிச் சொன்னேன், ரொம்ப உணர்ச்சிவசப்படுதான்னு நெனச்சிருப்பாங்க, முன்வரிசை அம்மா கண்ணத் தொடைச்சாங்க. ஆறு வாக்கியத்தையும் சொன்னேன். தாலெபூஷ் ஆத்தோரத்துல இருக்கு. தாலெபோஷாவுக்கு ஒரு பனிநாள்ல வந்தேன். அப்படியே ஒவ்வொண்ணா. தாலெபோஷுவுல எனக்கு ஒரு சகோதரன் மாதிரி மனுசங்க கிடைச்சாங்கன்னு ஆறாவது, அத எழுதினப்ப மாரெக்க நெனச்சு எழுதினேன், சொல்லும்போது கண்ணு கதவுப் பக்கம் போயிருச்சு. வேற்றுமை ஒண்ணுகூடப் பிசகல. எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க, மாரெக்கும் நின்னான். மேயரம்மா மைக்க வாங்கி, ஏழாவது வாக்கியத்துக்கு யாருன்னு கேக்காங்க, கேட்டுட்டு அவங்களே கைய நீட்டிக் கடைசி வரிசையக் காட்டுதாங்க. நம்ம மீஹாவ், ஞாயித்துக்கிழமை தவறாமப் பூசைக்கு வர்றவர், ஊருக்குப் போகப் போறாராம், அவர் தன் பாஷையிலயே ஊரைக் கூப்பிடட்டும், பான் தளவாய் மொழிபெயர்ப்பார்னாங்க. வேண்டாம்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவன் பாதி தூரம் வந்துட்டான், வரிசை வரிசையாத் தலைய ஆட்டி வணக்கம் வச்சிக்கிட்டு, கட்டுப் போட்ட கைய நெஞ்சுல சேத்துப் பிடிச்சிக்கிட்டு.

என்ன சொல்லணும் அண்ணாச்சின்னு காதுல கேட்டான். ஊரைக் கூப்பிட்டு என்னமாவது சொல்லுடேன்னேன். அவன் மைக்குக்கு நேரா நின்னு, மாதா கோயில்ல நிக்கிற மாதிரி நின்னு சொன்னான். "ஏ தாலபுசே, நீ நல்லா இருக்கணும். எனக்கு இங்க ரெண்டு விரல் போச்சு, உன்மேல கோவம் ஒண்ணுமில்ல. பாஷை தெரியாத பயலுக்கு ஒரு அண்ணனக் குடுத்த பாரு. நான் சொன்னத ஒரு வார்த்தை விடாம எடுத்துச் சொன்னாரு. அதுக்கு மேல என் நேரம், யாரு என்ன செய்ய முடியும். நல்லா இரு." முடிச்சிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சான். மேயரம்மாவும் என்னையத்தான் பாக்காங்க. இருநூறு பேரும் பாக்காங்க. நான் ஆரம்பிச்சேன். தாலெபூஷே, நீ நலமாக இருக்க வேண்டும் என்கிறார். இரண்டு விரல்களை இங்கே இழந்தேன், உன்மேல் கோபமில்லை என்கிறார். அடுத்தத விட்டுட்டு நல்லா இருன்னு முடிச்சிரலாம், முடிச்சிருடா, எவனுக்குத் தெரியும், ஒருத்தனுக்கும் தெரியாது. தான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நான் எடுத்துச் சொன்னதாகச் சொல்கிறார். இது பொய். அவர் அறியாமல் சொல்கிறார். மூடியைக் கழற்றச் சொன்னது சூப்பர்வைசர், அந்த உத்தரவை இவரிடம் சொன்னவன் நான், ஒன்றும் ஆகாது என்றவனும் நான். சூப்பர்வைசர் கழற்றச் சொன்னதை இவர் விசாரணையில் சொன்னார், நான் மொழிபெயர்க்கவில்லை. என் குரல்தான், ஒலிபெருக்கியில வேற யாரோ பேசுத மாதிரி கேக்கு. மாரெக் பொண்டாட்டி பிள்ளையோட கையப் பிடிச்சா. மேயரம்மா மைக்க வாங்க வந்த கை அப்படியே நிக்கி. போலந்து பாஷையில சொல்லிட்டேன், இவ்வளவு சுலபமா வந்துருச்சேன்னு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாக்கூட ஆச்சு.

"என்ன அண்ணாச்சி, ஒருத்தரும் கைதட்டல?" மிக்கேலு என் சட்டையத் தொட்டான். "நான் எதும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லடே."

"பெறகு?"

இருநூறு பேருக்குச் சொன்னத இவன் ஒருத்தனுக்குச் சொல்ல வேண்டியிருக்கு. வாய் வரமாட்டேங்கு. பத்து வருஷமா இந்த பாஷைய அந்த பாஷையாக்கித்தான் சோறு திங்கேன், இந்த ரெண்டு வரிய மட்டும் தமிழாக்க முடியல. அவன் முகத்தப் பாக்காம, அவன் கைக்கட்டப் பாக்காம, செருப்பப் பாத்துக்கிட்டுச் சொன்னேன்.

"மிக்கேலு, அன்னைக்கி விசாரணையில நீ சொன்னதுல பாதியத்தான்டே நான் அந்த அம்மாகிட்டச் சொன்னேன்."

அவன் யோசிச்சான். சிரிப்பு இன்னும் முகத்துல அப்படியே இருந்துச்சு, எடுக்க மறந்துட்டான்.

"எந்தப் பாதிய அண்ணாச்சி?"ன்னு கேட்டான்.